துணிந்து ஆடுமுன் கணக்குப் பார்ப்பது எப்படி: வன்னிப் பாடசாலைப் பயிற்றுநர்களுக்கு

வலய மட்டப் போட்டிக்கு உதைபந்தாட்ட அணியைத் தயார் செய்யும் வன்னிப் பயிற்றுநருக்கு அமெரிக்கக் கல்லூரிகளின் புட்போலில் என்ன வேலை என்று கேட்கலாம். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அந்த விளையாட்டு வேறு, நமது வேறு. ஆனால் அங்கே ஒவ்வொரு நகர்வுக்குப் பின்னரும் ஆட்டம் நின்றுவிடுவதாலும், அடுத்த நகர்வைப் பெரும்பாலும் பயிற்றுநர்களே சொல்லி அனுப்புவதாலும், துணிச்சலான முடிவு எப்படி உருவாகிறது என்பதை அதில் தெளிவாகப் பார்க்கலாம்.

எதிரணியின் பழக்கத்தை எழுதி வைப்பதிலிருந்து தொடங்குங்கள். 2016 ஜனவரியில் நடந்த தேசிய இறுதிப் போட்டியின் கடைசிக் கால் பகுதியில் அலபாமாவும் கிளெம்சனும் 24-24 எனச் சமநிலையில் நின்றன. பந்தை எதிரணிக்குத் தொலைவாக உதைத்துக் கொடுப்பதே வழக்கமான தருணத்தில், அலபாமாவின் பயிற்றுநர் நிக் சேபன் அதைக் குறுகிய தூரத்துக்குத் தூக்கி உதைக்கச் செய்து, தமது வீரரையே பிடிக்க வைத்தார். கிளெம்சன் வீரர்கள் ஒருபக்கமாக நெருங்கி நின்று மறு ஓரத்தைக் காலியாக விடுவதை அவரது தரப்பு முன்பே கவனித்திருந்தது. அலபாமா 45-40 என வென்றது.

நமக்கு இதற்கு ஈடான இடம் மூலை உதை. எதிரணியின் முந்தைய ஆட்டத்துக்குக் கொப்பியுடன் போய், மூலைக்கு அருகில் இருவர் நின்று குறுகிய உதை எடுக்கும்போது பின்களத்திலிருந்து எத்தனை பேர் வெளியே வருகிறார்கள் என்று எண்ணுங்கள். ஒருவர் மட்டும் வந்தால், அங்கே நம் இருவருக்கு எதிராக அவர்களில் ஒருவரே நிற்பார். இருவர் வந்தால் கோலுக்கு முன்னால் ஆள் குறைகிறது. ஒருமுறை மட்டும் நடந்ததைக் கணக்கில் எடுக்க வேண்டாம், அது தற்செயலாக இருக்கலாம்.

அடுத்தது ஒத்திகை. 2007 ஜனவரி 1 அன்று ஒக்லஹோமாவுக்கு எதிராக 35-28 எனப் பின்தங்கியிருந்த பொய்சி ஸ்டேட், 18 செக்கன்கள் எஞ்சியிருந்தபோது, ஒருவர் பிடித்த பந்தைக் குறுக்கே ஓடிவந்த சகவீரருக்குத் தட்டிவிடும் உத்தியால் சமன் செய்து, மேலதிக நேரத்தில் 43-42 என வென்றது. பார்ப்பவருக்கு அது சூதாட்டம் போலத் தோன்றும். ஆடியவர்களுக்கு அது பழகிய அசைவு. ஆகவே இரண்டு உத்திகளுக்கு மேல் வைத்துக்கொள்ளாமல், பிள்ளைகள் களைத்திருக்கும் பயிற்சியின் கடைசி நேரத்தில் அவற்றை ஆட வையுங்கள். கோடையில் இறுகிய நம் மைதானங்களில் தாழ்வான பந்து எகிறும் என்பதையும், சோளகம் வீசும் நாளில் உயரப் பந்து விலகும் என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

பலிக்காவிட்டால் என்ன இழப்போம் என்பதுதான் பலர் தவறவிடும் கணக்கு. இரணைமடுவின் நீர்மட்டத்தைப் பார்த்தபிறகே சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று தீர்மானிப்பது போல, துணிச்சலின் அளவையும் கையிருப்பைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். விலகல் முறை ஆட்டத்தில் 0-1 எனத் தோற்றாலும் 0-2 எனத் தோற்றாலும் வீட்டுக்குத்தான் போகிறோம். ஆகவே கடைசிப் பத்து நிமிடத்தில் பின்கள வீரர் ஒருவரை முன்னே அனுப்பத் தயங்க வேண்டியதில்லை. குழுநிலை ஆட்டத்தில் கோல் வித்தியாசம் பார்க்கப்படுமானால், அதே முடிவு அடுத்த சுற்றையே பறித்துவிடலாம்.

1984 ஜனவரியில் நெப்ராஸ்காவின் பயிற்றுநர் டொம் ஒஸ்போர்ன், மயாமிக்கு எதிராக 31-30 என ஒரு புள்ளி பின்தங்கிய நிலையில், சமன் செய்யும் எளிதான ஒரு புள்ளி உதையை விட்டு வெற்றிக்கான இரண்டு புள்ளிகளுக்கு முயன்று தோற்றார். மேலதிக நேரம் இல்லாத அக்காலத்தில், சமநிலையே பெரும்பாலும் தேசியப் பட்டத்துக்குப் போதுமாக இருந்திருக்கும். அவரது நேர்மையை மதிக்கிறேன். ஆனால் சமநிலை போதுமான ஆட்டத்தில் நம் பிள்ளைகளிடம் அதைக் கேட்க மாட்டேன்.

எந்த நிலையில், எந்த நிமிடத்தில், எந்த உத்தி என்பதை ஆட்டத்துக்கு முதல் நாளே தாளில் எழுதி, அணித்தலைவருக்கும் கோல் காப்பாளருக்கும் சொல்லிவிடுங்கள். கோட்டோரத்திலிருந்து கத்தினால் எதிரணிக்கும் கேட்கும் என்பதால், கைச்சைகை ஒன்றைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது. ஆட்டம் முடிந்ததும் கோல் விழுந்ததா என்பதோடு, எதிர்பார்த்த இடத்தில் எதிரணி நின்றதா என்பதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.