மந்திரப் பள்ளிக் கதை எழுதப்போகிறவர்களுக்கு

மந்திரப் பள்ளி என்றதும் பனிமலையும் கோபுரமும்தான் வேண்டுமா? பாம்பன்காரி நான், பள்ளியைத் தனுஷ்கோடியில் வைக்கச் சொல்வேன். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். கூரையில்லாத தேவாலயச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன, வகுப்பறைக்கு அது போதும்.

அடுத்தது ஆபத்து. பூதமெல்லாம் பிறகு வரட்டும். ஆபத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கவேண்டும், பிள்ளைகள் அதைக் கற்றுத் தப்பிக்கும்படி. எங்கள் பக்கம் வடக்கே பாக் விரிகுடா பெண் கடல், தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்கு குமுறும், வடக்கு குளம்போல் கிடக்கும். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று வந்தால் தலைகீழ். இதையே மந்திரத்தின் விதியாக்குங்கள்: காற்று மாறினால் காத்த மந்திரமே கொல்லும். வாடை தொடங்கும் அன்றைக்குத் தேர்வு வையுங்கள்.

நாயகிக்கு ஒரு கைத்தொழில் கொடுங்கள். கடல்பாசி எடுக்கிற வீட்டுப் பிள்ளையென்றால் மூச்சடக்கி முங்குவாள், விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பறிப்பாள். வாத்தியாருக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும், கதை அங்கேதான் பிடிக்கும். ஜோசியம் சொன்ன அதிசயக் குழந்தை வேண்டவே வேண்டாம், சலித்துவிட்டது.

இவ்வளவு ஆபத்தான இடத்துக்குப் பெற்றவர்கள் ஏன் அனுப்புகிறார்கள்? வெளியே இருப்பது அதைவிட மோசம் என்று முதல் அத்தியாயத்திலேயே காட்டிவிடுங்கள். சீக்கிரமே ஒரு பையன் சாகட்டும், வாசகருக்குப் பிடித்துப்போனவனாக. பேச்சு? வாத்தியார் மந்திரத்தைச் செந்தமிழில் சொல்லட்டும். பிள்ளைகள் அலறும்போது ஊர்ப்பேச்சே வரட்டும்.