"மினிஸ்டர் சேர் சொல்லிட்டார்": புதிய உத்தியோகத்தர்கள் தவிர்க்க வேண்டிய பிழைகள்

இலங்கை நிர்வாக சேவையில் சேர்ந்து, அமைச்சுகள் இருக்கும் பத்தரமுல்லைப் பக்கம் உதவிச் செயலாளர்களாக இருக்கும் பிள்ளைகளோடு அடிக்கடி பேசக் கிடைக்கிறது. எங்கள் காலத்துப் பிழைகளையே அச்சு அசலாகச் செய்கிறார்கள். அலுவலகக் கோவையைத் தொலைக்காதே, நேரத்துக்கு வா என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை.

வாய்மொழிப் பணிப்பை நம்பிக் கையெழுத்திடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம் அமைச்சரின் பிரத்தியேகச் செயலாளர் அழைப்பார். சேர் ஓம் என்றுவிட்டார், கடிதம் இன்றைக்கே போகவேணும் என்பார். என்னோடு வேலை செய்த ஒருவர் அப்படித்தான் ஒரு கொள்வனவுக்கு அனுமதிக் கடிதம் அனுப்பினார். கணக்காய்வு வினா வந்தபோது அமைச்சர் மாறியிருந்தார். அன்றைக்கு அழைத்த பிரத்தியேகச் செயலாளருக்கு எதுவும் ஞாபகமில்லை. கோவையில் இருந்தது நண்பரின் கையெழுத்து மட்டும்.

அரசியலமைப்பின் 52ஆம் உறுப்புரைப்படி, அமைச்சரின் பணிப்புக்கும் கட்டுப்பாட்டுக்கும் அமையவே அமைச்சின் செயலாளர் திணைக்களங்களை மேற்பார்வை செய்கிறார். பிள்ளைகள் அந்த வரியோடு வாசிப்பை நிறுத்திவிடுகிறார்கள். அதே செயலாளர்தான் நிதிப் பிரமாணங்களின்படி பிரதம கணக்கீட்டு உத்தியோகத்தர், அதாவது அமைச்சின் கணக்குக்குப் பொறுப்பானவர். கோபா எனப்படும் பாராளுமன்ற அரசாங்கக் கணக்குகள் குழுவின் முன் போய் இருந்து பதில் சொல்பவரும் அவர்தான். அவர் உங்களைக் காப்பாற்றுவார் என்றும் எண்ணவேண்டாம்: அமைச்சரவை கலைந்தால் அவருடைய பதவியும் அன்றோடு போய்விடும். நீங்களும் கோவையும்தான் மிச்சம்.

அரசியல்வாதியோடு உத்தியோகத்தரும் பொறுப்புச் சொல்லவேண்டி வரும். 2023 நவம்பரில் பொருளாதார நெருக்கடி வழக்கில் உயர் நீதிமன்றம் பொதுமக்களின் நம்பிக்கையை மீறியவர்கள் என்று சொன்னவர்களில் முன்னாள் ஜனாதிபதியும் இருந்தார், திறைசேரியின் (நிதியமைச்சின்) முன்னாள் செயலாளரும் இருந்தார்.

ஆகவே அழைப்பு வந்த அன்றே ஒரு குறிப்பு எழுதுங்கள். இன்ன நேரம் இன்னார் மூலம் இந்தப் பணிப்பு கிடைத்தது, இதற்கு நிதி ஏற்பாடு உண்டா இல்லையா, பெறுகை (அரச கொள்வனவு) நடைமுறைக்கு அமைகிறதா, தங்கள் எழுத்துமூலப் பணிப்பு வேண்டும். மரியாதையாக, நாலு வரியில். அதைக் கண்டதும் பாதி அவசரங்கள் பறந்துவிடும். எழுத்தில் வந்தால், சட்டத்துக்கு உட்பட்டதென்றால், முணுமுணுக்காமல் செய்யுங்கள். சட்டவிரோதமானதை அமைச்சரின் கையெழுத்தும் காப்பாற்றாது.

"முடியாது" என்று எழுதிவிட்டு ஓய்வது

முதற்பிழைக்குப் பயந்தவர்கள் விழும் குழி இது. வாக்குக் கேட்டு வந்தவர் அமைச்சர். எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுக்கும் உரிமையும் அவருடையதே. இரசாயன உரத்தைக் குறைக்கவேண்டும் என்பது அரசியல் தீர்மானம், அதில் பிழை இல்லை. எத்தனை போகங்களில், எந்த மாற்று உரத்தோடு, நெல்லுக்கும் தேயிலைக்கும் என்ன ஆகும் என்பதைக் கணக்கோடு முன்வைப்பது உத்தியோகத்தரின் வேலை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதித் தடை வர்த்தமானியில் வந்தது. நவம்பரிலேயே விலக்கவேண்டி வந்தது. குறிக்கோளுக்கும் வழிமுறைக்கும் இடையிலான கோடு எங்கே விழுகிறது என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். மறுப்பு எழுதினால் பக்கத்திலேயே ஒரு மாற்றுவழியும் செலவும் இருக்கட்டும்.

திறைசேரியிடம் கடைசியில் போவது

அமைச்சரவைப் பத்திரத்துக்கு நிதியமைச்சின் அவதானிப்பு எப்படியும் வரும். முன்கூட்டியே பேசுங்கள்.

ஊடகத்துக்குக் கசியவிடுவது

வேண்டாம்.

தமிழ்ப் பிரதியைப் பிறகு பார்க்கலாம் என்பது

சிங்களச் சுற்றுநிருபம் முதலில் போய், தமிழ் பின்தங்கினால், மட்டக்களப்பிலும் வவுனியாவிலும் ஆளுக்கொரு விளக்கத்தில் நடைமுறைப்படுத்துவார்கள். அமைச்சரும் செயலாளரும் மாதக்கணக்கில் பேசித் தீர்த்தது பிரதேச செயலகத்தில் வேறொன்றாகிவிடும். மூன்று மொழிகளும் சேர்ந்து வரும்வரை கையெழுத்துக்கு அனுப்பாதீர்கள்.