ஆர்மோனியத்துக்குள் குளவிக் கூடு

மண்டபம் ஊரில் எங்கள் பஜனைக் குழுவின் ஆர்மோனியம் ஒன்பது மாதம் பரணில் கிடந்தது. இறக்கி வாசித்தால் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளில் வெறும் காற்றுச் சத்தம்தான். துருத்தி நன்றாக இருந்தது. கடல்காற்றில் உப்புப் பூத்திருக்கும் என்று கட்டைகளைக் கழற்றித் துடைத்தேன், கம்பிச் சுருளையும் மாற்றினேன். மூன்று நாள் வீண்.

அப்புறம்தான் கவனித்தேன்: பெட்டியை ஆட்டினால் கரும்பழுப்புப் பொடி உதிர்ந்தது. எங்கள் கரை மணல் வெளிறியது. இது குழாயடி ஈரமண்ணின் நிறம். முன்பக்கம் ஒரு குமிழ் கம்பியோடு போய்விட்டதால் அந்தத் துளையில் டேப் ஒட்டியிருந்தோம். பரணில் டேப் உரிந்திருக்கிறது. நானும் உள்ளே பார்க்காமல் புது டேப் ஒட்டிவிட்டேன்.

ரீடு பலகையை, அதாவது காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்பும் பித்தளை நாக்குகள் பதித்த பலகையைத் திருப்பினால், இரண்டு நாக்குகள் மேல் விரல் தடிமனில் குளவிக் கூடு. உடைத்தால் உள்ளே சிலந்திகள், குளவி கொட்டி மயக்கிப் போட்டவை. ஒன்றுக்குக் கால் இன்னும் அசைந்தது.

தண்ணீர் தொடவே இல்லை. மூங்கில் சிம்பால் அடியிலிருந்து நுனி நோக்கிச் சுரண்டி, தூரிகையால் தட்டினேன். உப்புத்தாள் கூடாது, நுனி தேய்ந்தால் சுருதி ஏறிவிடும். இரண்டும் பேசின. துளைக்குத் தக்கை அடித்துவிட்டேன்.