மலை வீட்டு ஜன்னல்களைத் துடைக்க ஒட்டடைக் கம்பைத் தயார் செய்யும் முறை

நீலகிரியில் ஒரு வீட்டின் முன்வாசல் சாலை மட்டத்தில் இருக்கும். அதே வீட்டின் பின்பக்க ஜன்னலோ, சரிவின் காரணமாக, தரையிலிருந்து இரண்டு மாடி உயரத்தில் நிற்கும். குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களில் இப்படிக் கட்டப்பட்ட வீடுகளும் காட்டேஜ்களும் ஏராளம். பின்பக்கம் ஏணி வைக்கலாம் என்று போனால், கிடைப்பது ஈர மண்ணும் தடுப்புச் சுவரின் விளிம்பும் ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கும் சந்தும்தான். ஏணியின் இரு கால்களும் ஒரே மட்டத்தில் அமராத இடத்தில் ஏணி ஏறுவது வீண் துணிச்சல். ஆகவே தரையில் நின்றபடியே நீளக் கம்பால் துடைப்பதுதான் இங்குப் பொருத்தமான முறை. அதற்கென்றே தயாராகும் தொழில்முறைக் கம்புகள் விலை கூடியவை. ஆனால், வீட்டுச் சாமான் கடையில் கிடைக்கும் நீளும் ஒட்டடைக் கம்பையும், பெயின்டர்கள் ரோலர் மாட்டுகிற நீளும் கம்பையும் சிறிது மாற்றியமைத்தால் இரண்டாம் மாடி வரை தாராளமாகக் கையாளலாம். மலிவான கம்புகளில் பெரும்பாலும் குழாய் கெட்டியாகவே இருக்கிறது; குறை இருப்பது முனையிலும் பூட்டிலும்தான். நேரத்தையும் பணத்தையும் அவ்விரண்டிலும் செலவிட்டால் போதும்.

கடையில் கம்பைத் தேர்ந்தெடுக்கும்போது, எத்தனை அடி நீளும் என்பதைவிட எவ்வளவு வளையும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரே குழாய், நுனியில் ஒரே பாரம் என்று வைத்துக்கொண்டால், நீளம் இரு மடங்கானதும் வளைவு எட்டு மடங்காகிறது. அதனால் மெல்லிய மூன்று துண்டுக் கம்பைவிட, பருமனான இரண்டு துண்டுக் கம்பு, நீளம் சற்றுக் குறைந்தாலும், வேலைக்கு உகந்தது. கம்பை முழுவதும் நீட்டி, முனையைச் சுவரோரத் தரையில் ஊன்றி, கைகளால் நன்றாக அழுத்திப் பாருங்கள். அந்த அழுத்தத்திலேயே உள்குழாய் நழுவினால், சோப்பு நீர் பட்டபின் அது நிற்கப் போவதில்லை. பெயின்ட் பூசிய மெல்லிய இரும்புக் குழாயைத் தவிர்த்து அலுமினியத்தை வாங்குவது நல்லது. மாதக்கணக்கில் மூடுபனியும் சாரலும் உள்ள ஊரில், இரும்புக் குழாய் உட்புறமாகத் துருப்பிடித்து ஒன்றோடொன்று இறுகிவிடும். மூங்கில் இதைவிட மலிவு, விறைப்பும் அதிகம். ஆனால் நீளத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, பேருந்தில் எடுத்துச் செல்லவும் முடியாது. ஒரே கட்டடத்தில் தொடர்ந்து வேலை செய்பவர்களுக்கு மட்டும் அது உதவும்.

முனை

ஒட்டடைக் கம்பின் முனையில் பிரஷ்ஷைத் தாங்குவதற்கென ஒரு பிளாஸ்டிக் மூடி செருகப்பட்டிருக்கும். ரோலர் கம்பின் முனையிலோ பெரிய மரை இருக்கும். அமெரிக்க அளவில் செய்யப்பட்ட கம்புகளில் இந்த மரை முக்கால் அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 5 சுற்றும் கொண்டது. வேறு நாட்டு அளவுகள் வேறு. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். ஒன்றரைச் சுற்றிலேயே இறுகினால் அது வேறு அளவு என்று பொருள். பலம் கொடுத்துத் திருகினால் பிளாஸ்டிக் மரை சிதைந்து, அரை நாளில் தலைப்பகுதி கழன்று விழும். மரை பொருந்தினாலும் ஒரு சிக்கல் உண்டு: துடைக்கும்போது கம்பை இடமும் வலமுமாகத் திருப்ப வேண்டியிருப்பதால், அது தானாகவே தளர்ந்துகொண்டிருக்கும்.

இந்தத் தொல்லைகளுக்கெல்லாம் ஒரே தீர்வாக நான் பரிந்துரைப்பது மரக்கூம்பு. கண்ணாடி வைப்பரின் கைப்பிடி உள்ளே வெறுமையாகவும், மேலே போகப் போகச் சற்றுக் குறுகியும் இருந்தால், அதற்குள் இறுக நுழையும்படி ஒரு கூம்பைச் செதுக்கிக் கம்பின் நுனியில் பொருத்திவிடலாம். பழைய மாப் கட்டையிலிருந்து 15 சென்டிமீட்டர் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். அதில் 7 சென்டிமீட்டர் கம்பின் குழாய்க்குள் இறங்கட்டும். மீதி 8 சென்டிமீட்டர் கூம்பாகட்டும். முதலில் கீழ்ப்பகுதியைக் குழாயின் உள்ளளவுக்குச் சீவி, சுத்தியலால் மெதுவாகத் தட்டினால்தான் இறங்கும் என்ற இறுக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு மேற்பகுதியைக் கத்தியால் உத்தேசமாகச் சரித்துவிட்டு, அரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

கூம்பு கைப்பிடிக்குள் முழுச் சுற்றளவிலும் தொடுகிறதா என்பதைக் கண்ணால் அறிய முடியாது. அதற்குச் சாக்பீஸ் உதவும். கூம்பின் மேல் சாக்பீஸைச் சீராகத் தேய்த்து, கைப்பிடிக்குள் செருகி, கால் சுற்றுத் திருப்பி, நேராக வெளியே இழுங்கள். எங்கே சுண்ணாம்புப் பொடி அழிந்து மரத்தின் நிறம் பளபளக்கிறதோ, அந்த இடம் மட்டும்தான் கைப்பிடியைத் தொட்டிருக்கிறது. பெரும்பாலும் முதல் தடவை கூம்பின் அடியில் ஒரு வளையமாகவோ ஒரு பக்கத்தில் மட்டுமோ அழிந்திருக்கும். அந்த இடத்தை மட்டும் இரண்டு மூன்று தடவை அரத்தால் தேய்த்து, மீண்டும் சாக்பீஸ் பூசி, மீண்டும் செருகிப் பாருங்கள். சுற்றிலும், மேலும் கீழும், திட்டுத் திட்டாகவேனும் எல்லா இடத்திலும் அழியும் வரை இதைத் தொடர வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் இப்படிப் பொருந்திய கூம்பு ஆடுவதில்லை, ஆடாத தலைப்பகுதி கண்ணாடியில் கோடு விடுவதில்லை.

பொருந்தியதும் கூம்புக்கு இரண்டு பூச்சு வார்னிஷ் அவசியம். பூசாவிட்டால் இங்குள்ள ஈரத்தில் மரம் ஊதி, வைப்பரைக் கழற்ற முடியாமல் போய்விடும். வார்னிஷ் காய்ந்தபின், குழாய்க்குள் இறங்கும் பகுதியில் எபாக்சிப் பசை தடவிச் செருகி, குழாயையும் மரத்தையும் சேர்த்து 4 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றை ஊடாகச் செலுத்தி முடுக்கிவிடுங்கள். கைப்பிடிக்கும் கூம்புக்கும் ஊடாகவும் இதேபோல் ஒரு துளை வேண்டும். அங்கே மட்டும் பட்டாம்பூச்சி நட்டு போட்டால், கருவி இல்லாமலே தலைப்பகுதியை மாற்றிக்கொள்ளலாம். இவ்வளவுக்கும் மேலாக, வைப்பரின் சட்டத்தையும் கம்பையும் ஒரு நைலான் கயிற்றால் பிணைத்துவிடுங்கள். 5 மீட்டர் உயரத்திலிருந்து வைப்பர் தலையில் விழாமல் காப்பது கடைசியில் அந்தக் கயிறுதான்.

கோணம்

சமவெளியில் உயர ஜன்னலைத் துடைப்பவர் பத்தடி பின்னால் தள்ளி நின்றுகொள்வார். கம்பு சாய்வாக இருப்பதால் வைப்பரின் ரப்பர் கண்ணாடியில் சரியான கோணத்தில் படியும். இங்கோ பின்னால் தள்ளி நிற்க இடம் இல்லை. நின்றால் அடுத்த படிமட்டத்தில்தான் விழ வேண்டும். சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி நின்று, தோளுக்கு மேலே 3.7 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணாடியைத் தொட்டால், கம்புக்கும் சுவருக்கும் இடையே சுமார் 15 பாகைதான் இருக்கும். அந்த நிலையில் நேரான கம்பு ரப்பரைப் படியவிடாமல் படுக்கவைத்துவிடும். எனவே தலைப்பகுதி கம்பிலிருந்து 20 பாகை அளவுக்குக் கண்ணாடிப் பக்கமாக வளைந்திருக்க வேண்டும். அப்போது வைப்பரின் கைப்பிடிக்கும் கண்ணாடிக்கும் இடையே ஏறக்குறைய 35 பாகை கிடைக்கும்.

மலிவான வைப்பர்களில் வரும் பிளாஸ்டிக் கழுத்து இந்தக் கோணத்தைத் தரும், ஆனால் சில நாளில் தளர்ந்துவிடும். அதைவிட நல்லது, இயற்கையாகவே வளைந்த மரத்துண்டில் கூம்பைச் செதுக்குவது. தேயிலைத் தோட்டத்தில் கவாத்து செய்தபின் குவிந்து கிடக்கும் கட்டைகளில், கட்டைவிரலைவிடப் பருமனாக, லேசான முழங்கை வளைவோடு இருப்பதைத் தேடி எடுங்கள். மர ரேகை வளைவோடு சேர்ந்து ஓடுவதால், வெட்டி ஒட்டிய கோணத்தைவிட இது பல மடங்கு உறுதி. பச்சையாகச் செதுக்கினால் காயும்போது சுருங்கி ஆடும். நிழலில் நன்கு உலர்ந்தபின் தொடங்குங்கள்.

பூட்டு

திருகிப் பூட்டும் கம்புகளில், உள்குழாயின் அடியில் மையம் விலகிய ஒரு பிளாஸ்டிக் உருளை இருக்கிறது. திருகும்போது அது ஒரு பக்கமாக ஒதுங்கி வெளிக்குழாயின் உட்சுவரை அழுத்திப் பிடிக்கிறது. பிடிப்பது உராய்வு மட்டுமே என்பதால், உள்ளே சோப்பு நீர் இறங்கினால் வழுக்கும். எண்ணெய் விட்டால் சரியாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய கெடுதல் இல்லை. உள்குழாயை முழுவதும் உருவி, இரண்டையும் துணியால் உலரத் துடைத்து, உருளையின் மேல் 120 எண் உப்புத்தாளை லேசாக ஓட்டினால் பழைய பிடிப்பு திரும்பும்.

அதற்கும் அடங்காத கம்புக்கு, பிளாஸ்டிக் வளையத்தைக் கழற்றிவிட்டு, வெளிக்குழாயின் வாயில் எதிரெதிராக இரண்டு கீறல்களை ஆக்சா பிளேடால் 4 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டுங்கள். ஒவ்வொரு கீறலின் முடிவிலும் 3 மில்லிமீட்டர் துளை போட்டால் கீறல் மேற்கொண்டு பிளக்காது. அதன்மேல் குழாய் வேலைக்காரர்கள் பயன்படுத்தும் ஹோஸ் கிளாம்பைப் போட்டு முடுக்கினால், வெளிக்குழாய் உள்குழாயைச் சுற்றிலும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எப்படிப் பூட்டினாலும், உள்குழாயில் 30 சென்டிமீட்டராவது வெளிக்குழாய்க்குள் இருக்க வேண்டும். அந்த அளவை உள்குழாயில் சிவப்பு டேப் சுற்றிக் குறித்துவிட்டால், அவசரத்தில் வரம்பு மீறுவதைத் தடுக்கலாம்.

தண்ணீர் உள்ளே போகாமலும், கம்பு வழியே ஓடிவந்து சட்டைக் கைக்குள் இறங்காமலும் இருக்க, தலைப்பகுதிக்குக் கீழே ஒரு சாண் தள்ளி, கம்பைச் சுற்றி ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றை ரப்பர் வளையத்தால் கட்டிவிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊட்டிக் காலையில் இதன் அருமை தெரியும். கைபிடிக்கும் இடங்களில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஏற்றினால், அலுமினியத்தின் குளிர்ச்சியும் வழுக்கலும் தீரும். அங்கே முன்பு ஒட்டிய டேப்பின் பிசின் மீதி இருந்தால், ஊட்டியில் எந்தக் கடையிலும் கிடைக்கும் யூகலிப்டஸ் தைலத்தைத் துணியில் நனைத்துத் துடைத்தால் போய்விடும்.

மேலே மாட்டுபவை

முதலில் நீரும் சோப்பும் பூசித் தேய்க்கும் தலையை நீங்களே செய்யலாம். முக்கால் அங்குல பிவிசி குழாயில் ஒரு டி-இணைப்பை எடுத்து, இரு பக்கமும் 15 சென்டிமீட்டர் குழாய்த் துண்டுகளைச் செருகி முனைகளை மூடிவிட்டு, பழைய துவாலையை உறைபோலத் தைத்து மாட்டிவிட வேண்டும். டி-யின் கால் உங்கள் கூம்பில் ஏறும். கூம்பில் ஏற்கெனவே போட்ட துளைக்கு நேராக அதிலும் ஒரு துளை போட்டுக்கொள்ளுங்கள். துடைக்கும் வைப்பரை மட்டும் மலிவானதாக வாங்க வேண்டாம். 1936-இல் அமெரிக்காவில் எட்டோரே ஸ்டெக்கோனே, பளுவான இரட்டை ரப்பர் கருவிகளுக்கு மாற்றாக, ஒற்றை ரப்பர் விளிம்பு கொண்ட இலகுவான பித்தளை வைப்பரை உருவாக்கினார். இன்றுவரை நல்ல வைப்பர் எல்லாம் அந்த அமைப்பில்தான் இருக்கின்றன. கம்பு வேலையில் இலகு என்பது வசதி மட்டுமல்ல. 4 மீட்டர் கம்பை அடியில் ஒரு கையாலும், அரை மீட்டர் மேலே மறு கையாலும் பிடித்திருக்கும்போது, கம்பு படுக்கைவாட்டில் சாய்ந்தால், நுனியில் கூடுதலாக உள்ள 100 கிராமைச் சமாளிக்க அடிக்கை 700 கிராம் அளவுக்கு அழுத்த வேண்டும். மாலைக்குள் தோள் சொல்லிவிடும். ரப்பரின் விளிம்பு மழுங்கினால் புரட்டிப் போடுங்கள். இரு விளிம்பும் போனால் மாற்றிவிடுங்கள்.

பழைய பங்களாக்களின் மரச் சட்டங்களில் கண்ணாடியைப் பிடித்திருப்பது வெறும் பட்டி என்பதால், நீளக் கம்பின் அழுத்தத்தை அங்கே குறைத்துக்கொள்ள வேண்டும். பனிக்காலக் காலையில் சுடுநீர் பயன்படுத்தினால் குளிர்ந்த கண்ணாடி விரிசல் விடக்கூடும். சாதாரண நீரே போதும்.

தொடங்கும் முன்

அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். ஈர மூங்கிலும் கடத்தும். மலை வீடுகளுக்கு வரும் மின்கம்பி பல இடங்களில் கூரை விளிம்பை ஒட்டியே போகிறது, சரிவின் காரணமாக மேல் வீட்டுக்கான கம்பி கீழ் வீட்டின் ஜன்னல் உயரத்தில் தொங்குவதும் உண்டு. கம்பை முழுவதும் நீட்டி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியை எட்டாது என்று உறுதியான இடத்தில் மட்டுமே வேலையைத் தொடங்க வேண்டும்; உறுதி இல்லையென்றால் அந்த ஜன்னலை விட்டுவிடுங்கள். உயரக் கட்டடங்களின் கூரை விளிம்புக்கு அடியில் மலைத்தேனீக்கள் பெரிய அடை கட்டித் தொங்கவிடும். கம்பு நுனி அதில் லேசாக உரசினாலே கூட்டமாகத் துரத்தும் என்பதால், மேலே அண்ணாந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டே கம்பை உயர்த்துங்கள். கண்ணாடி பார்த்து நகரும்போது காலடி மறந்துபோகும். தடுப்புச் சுவரின் விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே ஒரு கயிற்றைத் தரையில் போட்டுவைத்தால், அது காலில் தட்டி எச்சரிக்கும்.

வேலை முடிந்ததும் துண்டுகளை உருவி, உட்புறம் உலர்த்தி, தனித்தனியாகப் படுக்கவைத்துச் சேமியுங்கள். சீசனுக்கு முன்பான மார்ச்சில் வேலை குவியும்போது, பூட்டைச் சரிபார்க்க நேரம் இருக்காது. மழை மாதங்களிலேயே கூம்பின் வார்னிஷையும் போல்ட்டுகளையும் பிணைக்கயிற்றையும் பார்த்து மாற்ற வேண்டியவற்றை மாற்றிவிடுங்கள்.