கொள்கைக் கூட்டத்தில் கணினி: எங்கே தவறுகிறோம்?

கொள்கை வகுக்கும் கூட்டங்களுக்குக் கணினியைத் துணைக்கு அழைப்பது புதிய வழக்கமன்று. உறுப்பினர் அனைவரும் ஒரே நேரத்தில் கருத்துகளைத் தட்டச்சு செய்யும் கூட்ட அறைகளை அரிசோனா பல்கலைக்கழகம் 1980-களிலேயே அமைத்தது. பேச்சில் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். தட்டச்சில் அந்தக் காத்திருப்பு இல்லை என்பதோடு, பெயர் மறைக்கப்படுவதால் மேலதிகாரியின் முகம் பார்த்து எழுதும் தயக்கமும் குறைகிறது. இவ்வளவு வசதி இருந்தும் பல கூட்டங்கள் சறுக்குகின்றன.

பெரிய தவறு, வாக்கெடுப்பை அவசரப்பட்டு நடத்துவதுதான். ஒரு திட்டத்துக்குப் பத்துப் பேர் மதிப்பெண் இடுகிறார்கள். ஐவர் 9, ஐவர் 1. திரையில் சராசரி 5 என்று வருகிறது. அவையில் ஒருவர்கூட 5 கொடுக்கவில்லை, ஆனால் ‘மிதமான ஆதரவு’ என்று கூட்டக் குறிப்பில் ஏறிவிடுகிறது! மதிப்பெண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதைத் திரையில் காட்டி, இரு தரப்பையும் காரணம் எழுதச் சொல்ல வேண்டும். ‘பயனாளி’ என்ற ஒரே சொல்லை ஒரு தரப்பு தனிநபராகவும் மறு தரப்பு குடும்பமாகவும் எடுத்துக்கொண்டது அப்போதுதான் வெளிப்படும்.

மூன்று திட்டங்கள் போட்டியிட்டால் சிக்கல் இன்னும் நுட்பமானது. ‘அ’வை ‘ஆ’வைவிடவும், ‘ஆ’வை ‘இ’யைவிடவும், ‘இ’யை ‘அ’வைவிடவும் பெரும்பான்மையோர் விரும்பக்கூடும் என்று பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்செ 1785-இலேயே காட்டியிருக்கிறார். அந்த நிலையில், எந்த இரண்டை முதலில் மோதவிடுகிறோம் என்பதே வெற்றியைத் தீர்மானிக்கும். வாக்குகளை மட்டும் கூட்டித் தரும் மென்பொருள் இதை எச்சரிக்காது. கூட்டத்தை வழிநடத்தும் நெறியாளர்தான் சொல்ல வேண்டும்.

அந்த நெறியாளரையே விசைப்பலகையிலும் உட்காரவைப்பது மற்றொரு தவறு. இணைப்பு அறுந்தால் அவர் கம்பியைத் தேடுவார்; விவாதம் உரக்கப் பேசுபவரின் கைக்குப் போய்விடும். கணினியை இயக்குபவர் தனியாளாக இருக்கட்டும்.

செலவு, பயன், காலம் போன்ற அளவுகோல்களுக்கு எவ்வளவு எடை என்பதை ஒருவரே முன்கூட்டி உள்ளிட்டுவைத்தால், பாதி முடிவு கூட்டத்துக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது என்றுதான் பொருள். எடைகளை அவையின் கண்முன் மாற்றிக் காட்டுங்கள். சிறு மாற்றத்திலேயே முதலிடம் கைமாறினால், அந்தத் தரவரிசையை முடிவாக எழுதாமல் விவாதத்தைத் தொடருங்கள்.

பெயர் மறைப்பும் கருத்துத் திரட்டும் கட்டத்தோடு நிற்க வேண்டும். பொதுப்பணத்தைச் செலவிடும் தீர்மானத்தில் யார் ஆதரித்தார், யார் மறுத்தார் என்பது பெயரோடும் காரணத்தோடும் பதிவாக வேண்டும்.