தவறவிட்ட பேருந்தும் நான் சொன்ன சாட்சியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல வருடங்களுக்கு முன் ஒரு காலையில் பேருந்தைத் தவறவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பேருந்து விபத்தில் சிக்கியதாகச் செய்தி வந்தது. அந்த ஞாயிறே சபையில் எழுந்து, “கர்த்தர் என்னை நேசிக்கிறார், அதனால்தான் ஏறவிடவில்லை” என்று சாட்சி சொன்னேன். ஆராதனை முடிந்ததும் ஒரு அம்மா என்னிடம் வந்தார். அவருடைய மகன் அதே பேருந்தில் போய், கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். “அப்போ என் பிள்ளையை அவர் நேசிக்கலையாப்பா?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

தப்பித்ததற்கு நன்றி சொல்வது சரிதான். அந்த நன்றியை ஒரு தீர்ப்பாக மாற்றியதுதான் என் தவறு. வேதாகமத்தில் லூக்கா 13-ம் அதிகாரத்தில், சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததை இயேசுவே எடுத்துப் பேசுகிறார். அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே சொல்கிறார். பிறகு, கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து மனந்திரும்பச் சொல்கிறார். அவர்கள் ஏன் இறந்தார்கள் என்று எந்த விளக்கமும் தரவில்லை. அன்று இந்தப் பகுதி எனக்குத் தெரியாமல் இல்லை. பலமுறை வாசித்ததுதான். சாட்சி சொல்லும் உற்சாகத்தில் அது நினைவுக்கு வரவேயில்லை.

ஒரு சம்பவத்திலிருந்து அவசரப்பட்டுப் பாடம் எடுப்பதும் அதே அளவுக்கு ஆபத்தானது. மெலித்தா தீவில் அப்போஸ்தலர் பவுலின் கையை விரியன் பாம்பு கவ்வியதும், இவன் கொலைபாதகன் என்றார்கள் அங்கிருந்தவர்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றதும், இவன் ஒரு தேவன் என்றார்கள். ஒரே பாம்பிலிருந்து இரண்டு பாடம், இரண்டும் தவறு.

நீதிமொழிகள் 24-ல் சோம்பேறியின் வயலைக் கடந்துபோகிறவர் எப்படிப் பாடம் கற்கிறார் என்று கவனியுங்கள். முள் மண்டியிருக்கிறது, கற்சுவர் இடிந்து கிடக்கிறது. அதைப் பார்க்கிறார், சிந்திக்கிறார், அதற்கப்புறம்தான் புத்தியடைகிறார். நாம் பெரும்பாலும் பாடத்தை முதலில் முடிவுசெய்துவிட்டு, அதற்குத் தோதாகச் சம்பவத்தை வளைக்கிறோம். பத்து நிமிடத் தாமதம் ஒரு மணி நேரமாகிறது. முன்பின் தெரியாத யாரோ ஒருவர் தேவதூதராகிவிடுகிறார். சத்தியத்தைச் சொல்லப் பொய்யின் உதவி எதற்கு?

அப்புறம் வசனம். சம்பவத்தை எழுதி முடித்துவிட்டு, கடைசியில் ஒட்ட ஒரு வசனம் தேடும் பழக்கம் எனக்கும் இருந்தது. எரேமியா 29:11-ஐ நாம் எத்தனை முறை அப்படிப் பயன்படுத்தியிருக்கிறோம்! “சமாதானத்துக்கேதுவான நினைவுகள்” என்ற அந்த வாக்கு பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. அவர்கள் திரும்பி வருவது 70 வருடம் கழித்துத்தான் என்று அதற்கு முந்தைய வசனத்தில் இருக்கிறது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்றும் அதே கடிதம் சொல்கிறது. தொலைந்த சாவி மாலையில் கிடைத்ததற்கு அதைப் பொருத்தினால், அந்த நீண்ட காத்திருப்பு காணாமல் போய்விடுகிறது. வசனம் இருக்கும் அதிகாரத்தையாவது முழுதாக வாசித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கிடைத்த பாடத்தை அடுத்தவருக்கு அனுப்புவது இன்னொரு தவறு. அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த ஐசுவரியவானின் கதையைத் தீர்க்கதரிசி நாத்தான் சொன்னபோது, தாவீதுக்கு அந்த ஐசுவரியவான்மேல்தான் கோபம் மூண்டது. “நீயே அந்த மனுஷன்” என்று நாத்தான் சொல்லும்வரை தன் நினைவே அவருக்கு வரவில்லை. பாடம் தோன்றியதும் ‘இது இன்னாருக்குச் சரியாக இருக்கும்’ என்று மனம் சொன்னால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதேபோல, போகிற வழியில் பார்த்த ஒன்றை வைத்து வேலை, திருமணம் போன்றவற்றை முடிவுசெய்யவும் வேண்டாம்.

இப்போது ஒரு நோட்டில் சம்பவத்தை மட்டும் நடந்தபடியே எழுதுகிறேன். கூடவே, அதில் வேறு யார் இருந்தார்கள், அவர்களுக்கு என்ன ஆனது என்பதையும் எழுதுகிறேன். சில நாள் கழித்து ஜெபத்தோடு திரும்ப வாசிக்கும்போது ஏதாவது தோன்றினால் கீழே சேர்ப்பேன். அந்தப் பேருந்தைப் பற்றி எழுதிய பக்கத்தில் கீழே இன்னும் இடம் காலியாகத்தான் இருக்கிறது.