மலேசியாவில் மதமும் அரசியலும்: ஒப்படை எழுதுமுன்

வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்கள் ஒப்படைக்கு மலேசியாவை எடுத்தால், செய்திகளுக்கு முன் அதன் அரசியலமைப்பைத் திறவுங்கள். 3, 11, 121(1ஏ), 160 ஆகிய நான்கு உறுப்புரைகள் போதும். 3 இஸ்லாத்தைக் கூட்டமைப்பின் மதம் என்கிறது. 11 மதச் சுதந்திரம் பற்றியது. பௌத்தத்துக்கு முதன்மைத்தானம் தரும் நமது இலங்கை அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரையைப் பக்கத்தில் வைத்து, சொல்லுக்குச் சொல் ஒப்பிடுங்கள்.

பலர் சறுக்குவது 160இல். இஸ்லாத்தைப் பின்பற்றி, மலாய் மொழியை வழக்கமாகப் பேசி, மலாய் வழக்கங்களைக் கடைப்பிடிப்பவரே மலாய்க்காரர் என்பது அதன் வரையறை. அதற்காக முஸ்லிம்கள் எல்லாரும் மலாய்க்காரர் ஆகிவிடமாட்டார்கள்; அங்கே தமிழ் முஸ்லிம்களும் இருக்கிறார்கள். காத்தான்குடியிலும் கல்முனையிலும் 'முஸ்லிம்' என்பது இனத்தையும் சேர்த்துக் குறிப்பதால் நமக்கு இந்தக் குழப்பம் இலகுவில் வரும். மலேசியக் குடிசன மதிப்பின் இன அட்டவணையையும் மத அட்டவணையையும் தனித்தனியே எடுங்கள். 2020இல் 63.5 வீதம் என்பது முஸ்லிம்கள். மலாய்க்காரர் வீதம் அல்ல.

ஷரீஆ சட்டம் 13 மாநிலங்களிலும் ஒரே மாதிரி இல்லை. எந்த மாநிலம் என்று எழுதாத வசனம் பெரும்பாலும் பிழையாகிவிடும். ஷரீஆ நீதிமன்றத்துக்குரிய விடயங்களில் சிவில் மேல் நீதிமன்றங்களுக்கு நியாயாதிக்கம் இல்லை என்ற 121(1ஏ) 1988இல் சேர்க்கப்பட்டது. மதமாற்ற வழக்குகள் சிக்குவது இந்த இடத்தில்தான். ஒவ்வொன்றுக்கும் ஆண்டையும் நீதிமன்றத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.